பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்: அடையாற்றங்கரைக்கு ஒரு திறந்த மடல்



வரதராஜபுரம், முடிச்சூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றின் போக்கிலேயே வீடும் கடையும் பட்டறையும் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இருப்பவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இது எழுதப்படுகிறது. பீரோவிலோ மேசை இழுப்பறையிலோ கிடக்கும் காப்பீட்டு பாலிசியை எடுத்துப் பிரித்துப் படிக்க வேண்டும். இல்லாதவர்கள் ஒன்று எடுக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அந்த ஏரியின் தண்ணீர்கூட அல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த உபரிநீர். எந்த ஏரியின் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் வந்தது, மதகை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது. அது பேசப்பட வேண்டிய வழக்குதான். ஆனால் காப்பீட்டு பாலிசியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. வானத்திலிருந்து விழுந்த தண்ணீரானாலும், ஏரி திறந்து வந்த தண்ணீரானாலும், வாசல்படி தாண்டி உள்ளே புகுந்தால் அது வெள்ளம். இழப்பீடு கேட்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு.

அந்த வெள்ளத்தில் ஏற்பட்ட மொத்தப் பொருள் இழப்பு குறைந்தது 220 கோடி டாலர் என்று மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீ கணக்கிட்டது. அதில் காப்பீடு ஏற்றுக்கொண்டது ஏறக்குறைய 75 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கிலும் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் வாகனங்களுக்கும் போனது. மீதி இரண்டு பங்கு நஷ்டத்தைச் சுமந்தவர்களில் குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் ஏராளம். நகையை அடகு வைத்தார்கள், பி.எஃப். பணத்தை எடுத்தார்கள், கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கரைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே காட்சி. அரசு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அடுப்பு மறுபடி எரிய அது உதவியிருக்கும். நனைந்த ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் கட்டிலையும் மீட்க அது போதாது.

வெள்ளத்துக்கு என்று தனியாக ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது, அது நம் ஊரில் கிடைப்பதில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அதிகம். அங்கே வழக்கமான வீட்டு பாலிசியில் வெள்ளம் சேராது. 1968இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியாகத்தான் பெரும்பாலோர் தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்கிறார்கள். இந்தியாவில் ஏற்பாடு வேறு. இங்கே வெள்ளம், புயல், சூறாவளி, நீர் சூழ்தல் எல்லாம் வீட்டு பாலிசிக்குள்ளேயே, கடைக்கான ‘ஃபயர் பாலிசி’க்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. மேலே தீ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, “நம்ம கடைக்குத் தீப்பிடிக்க என்ன இருக்கு” என்று ஒதுக்கியவர்கள் பலர். வெள்ளத்துக்கான பாதுகாப்பையும் சேர்த்தே அவர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மூன்று பாலிசிகளை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கியது. வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்தும் சரக்கும் உள்ள கடை, பட்டறைகளுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். பிரீமியம் மட்டும் மாறும். பெயர்கள் வாயில் நுழையாமல் இருக்கலாம். ஏஜென்ட்டிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் வேறு எதையும் தலையில் கட்ட முடியாது.

வீட்டிலிருந்து தொடங்கலாம்.

“இந்த ஃபிளாட்டு எண்பது லட்சம் போகும், அத்தனைக்கும் பிரீமியம் கட்ட நம்மால ஆகுமா” என்பதுதான் முதல் தயக்கம். கட்ட வேண்டியதில்லை. மனையின் விலைக்குக் காப்பீடு கிடையாது; வெள்ளம் நிலத்தைக் கொண்டுபோவதில்லை. கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் காப்பீட்டுத் தொகை. ஆயிரம் சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 25 லட்சம். அதற்குப் பல நிறுவனங்களில் ஆண்டு பிரீமியம் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஒரு தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் பணம். கட்டடத்துக்கு எடுத்தாலே அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். மேலே சொன்ன வீட்டுக்கு அது 5 லட்சம். கட்டில், மெத்தை, டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, துணிமணி எல்லாம் இதற்குள் வரும். நகைக்கும் விலையுயர்ந்த கலைப்பொருளுக்கும் தனியாகக் கேட்டு, மதிப்பைக் குறித்துச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணம் சேராது.

இந்த பாலிசியில் கரையோரக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போன நேரத்தில், பூட்டை உடைத்து எவராவது திருடினால், வெள்ளம் வந்ததிலிருந்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கும் இழப்பீடு உண்டு. போலீஸ் புகார் கட்டாயம். அடுத்தது வாடகை. சேதமான வீட்டைச் சரிசெய்யும் வரை வேறு வீட்டில் இருக்க வேண்டிவந்தால் அந்த வாடகையும் பாலிசிக்குள் வரும். 2015இல் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் மாமனார் வீட்டிலும் அக்கா வீட்டிலும் இருந்தார்கள். 

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இதெல்லாம் வீட்டு ஓனர் கவலை என்று நினைப்பது வழக்கம். தரைத்தளத்தில் குடியிருப்பவரின் சாமான்கள்தான் முதலில் நனைகின்றன. ஓனரின் பாலிசி ஓனரின் சுவருக்கு. வாடகைதாரரின் பீரோவுக்கு அல்ல. சாமான்களுக்கு மட்டும் தனியாக இதே பாலிசியை எடுக்கலாம்.

ஹோம் லோன் வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். “லோன் போடும்போதே இன்சூரன்ஸ் பிடிச்சுட்டாங்க” என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பல சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். அவர் இறந்தால் கடன் அடையும்; வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் ஒரு பைசா வராது. வீட்டுக்கே எடுத்திருந்தாலும் பாக்கிக் கடன் அளவுக்கு மட்டும் எடுத்திருக்கலாம். மாதாமாதம் ஈஎம்ஐ கட்டுகிறவரிடம் இந்த வித்தியாசத்தை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை. அது பெரும்பாலும் நடப்பதில்லை. ஆகவே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இனி கடை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இங்கேதான் பணமும் அதிகமாகப் போகிறது.

ஆற்றோரத் தெருவில் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். பின்கட்டில் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. இரவோடு இரவாக முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, மறுநாள் மாலை வடிகிறது. கீழ் இரண்டு வரிசை மூட்டைகள் ஊறிப்போய்ப் பிதுங்கியிருக்கின்றன. மூன்றாவது வரிசை வெளியே காய்ந்திருக்கிறது. கை வைத்தால் ஈரம் தெரிகிறது. உளுந்து உப்பி மூட்டைத் தையலைப் பிளந்திருக்கிறது. இரண்டு நாளில் முடைநாற்றம் எடுக்கும். பக்கத்து வீட்டார் சத்தம் போடுவார்கள். மாநகராட்சி லாரி வருகிறது, கடைக்காரர் எல்லாவற்றையும் அள்ளி ஏற்றி அனுப்பிவிட்டுக் கடையைக் கழுவிவிடுகிறார். நான்காம் நாள் இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வருகிறார். ஈரத்தரையையும் காலி ரேக்கையும் தவிர அவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. அத்தனை மூட்டை இருந்தது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். உண்மையைக் காகிதத்தில் ஏற்ற அவர் கையில் எதுவும் இல்லை.

அந்த லாரி வருவதற்கு முன் அரைமணி நேரம் போதும். மூட்டைகளை வரிசை வரிசையாகப் படமெடுக்க வேண்டும். ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே இருக்கும் பருப்பைக் காட்டி வீடியோ எடுக்க வேண்டும். சுவரில் சேற்றுக்கோடு படிந்திருக்கும் இடத்தில் டேப்பை வைத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி ஒரு படம். அந்த ஒரு படம் எத்தனை வரிசை நனைந்திருக்கும் என்பதைச் சர்வேயருக்கே சொல்லிவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, அழுகும் பொருளை அப்புறப்படுத்தலாமா என்று குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்டு வைக்க வேண்டும். நனையாத மூட்டைகளைப் பிரித்து மேலே ஏற்றி வைப்பதும் கடைக்காரர் பொறுப்பே. காப்பாற்றக் கூடிய சரக்கை விட்டுவிட்டால் அந்தப் பகுதியைக் கழித்துக்கொள்ள நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும்.

பில் புத்தகம் நனைந்துவிட்டால்? மொத்த வியாபாரியிடம் அந்தப் பில்லின் நகல் இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் வாங்கிய கணக்கு ஏறியிருக்கும். பேங்குக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இருக்கும். சர்வேயர் கடைசியில் வந்து நிற்பது இந்த மூன்றிலும்தான். பேங்குக்கு ஒரு கணக்கு, ஜிஎஸ்டிக்கு ஒரு கணக்கு, கையில் ஒரு கணக்கு என்று இருந்தால் கிளெய்ம் அங்கேயே நொண்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கடன் வரம்புக்காக மட்டும் எழுதாமல், உள்ளது உள்ளபடி எழுதும் பழக்கம் வெள்ளம் வரும் ஆண்டில் கைகொடுக்கும்.

அடுத்து, தொகையைக் குறைத்து எழுதுவது. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க, 40 லட்சம் சரக்கு உள்ள கடைக்கு 20 லட்சத்துக்கு பாலிசி எடுக்கிறார் ஒருவர். “எல்லாமா முழுகப் போகுது, பாதி போனாலும் இருபது லட்சம் வந்துடும்” என்பது அவர் கணக்கு. பாலிசியின் கணக்கு வேறு. 10 லட்சம் சரக்கு நனைந்தால் அவருக்கு வருவது 5 லட்சம்தான். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவர் பாதி நஷ்டத்தைத் தாமே ஏற்றுக்கொண்டதாக நிறுவனம் எடுத்துக்கொள்ளும். சிறுதொழில் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். அதாவது அதே கடைக்கு 34 லட்சம் எழுதியிருந்தால் 10 லட்சத்துக்கும் முழுக் கணக்கு வந்திருக்கும். வீட்டு பாலிசியில் இந்தக் கழிவே கிடையாது. 2021இல் செய்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று.

நம் ஊர்ப் பருவமழைக்கும் வியாபாரத்துக்கும் உள்ள பொருத்தத்தையும் இங்கே பார்க்க வேண்டும். ஜவுளிக்கடையில் சரக்கு அதிகமாக நிற்பது ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால். பிறகு பொங்கலுக்கு ஏற்றும் சரக்கு மார்கழி தொடங்கும்போதே வந்து இறங்கிவிடும். வெள்ளம் வருவதும் சரியாக இதே மாதங்களில்தான். ஆனால் பாலிசியில் எழுதும் தொகையோ மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது இருந்த சரக்கு; ஆண்டிலேயே குறைவான சரக்கு. சரக்கு ஏறி இறங்கும் வியாபாரத்துக்கு, அவ்வப்போது உள்ள சரக்கின் மதிப்பை நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் டிக்ளரேஷன் முறையில் பாலிசி எடுக்க வழி இருக்கிறது. பல குடோன்களில் மாற்றி மாற்றி வைப்பவர்களுக்கு எல்லா இடத்தையும் சேர்த்து ஒரே தொகையில் மூடும் ஃப்ளோட்டர் முறையும் இருக்கிறது. அதற்கு எல்லா முகவரிகளும் பாலிசியில் இருக்க வேண்டும். கடைக்குப் பாலிசி எடுத்துவிட்டு, தெருக்கோடியில் வாடகைக்குப் பிடித்த குடோனை எழுதாமல் விட்டால், அந்தக் குடோன் முழுகும்போது பாலிசி உதவாது. அடித்தளத்தில் சரக்கு வைப்பதற்கும், பலகை போடாமல் தரையிலேயே அடுக்குவதற்கும் சில நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. அதையும் பார்த்துவிட வேண்டும்.

சரக்குக்கு இழப்பீடு கொள்முதல் விலைக்குத்தான், விற்பனை விலைக்கு அல்ல. வரவேண்டிய லாபம், கடை மூடிக்கிடந்த நாட்களின் வாடகை, ஆட்களின் சம்பளம் ஆகியவை அடிப்படைப் பாலிசியில் சேராது. அதற்கு லாப இழப்புக் காப்பீடு என்று கூடுதலாக எடுக்க வேண்டும். சின்னக் கடைக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். பத்து ஆள் வேலை செய்யும் பட்டறைக்கு நிச்சயம் அப்படி அல்ல.

பட்டறை என்றதும் கிண்டியும் அம்பத்தூரும் நினைவுக்கு வருகின்றன. கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளை 2015இல் அடையாறு மூழ்கடித்தது. மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. ஒரு சிஎன்சி மெஷினுக்கு இடுப்பளவு தண்ணீர் வேண்டியதில்லை. கன்ட்ரோல் பேனலும் மோட்டாரும் நனையும் உயரம் போதும். எட்டு வருடத்துக்கு முன் 30 லட்சத்துக்கு வாங்கிய மெஷின் என்று வைப்போம். ஆடிட்டர் தேய்மானம் கழித்துக் கழித்துக் கணக்குப் புத்தகத்தில் இன்று 9 லட்சம் என்று நிற்கிறது. அந்தத் தொகையையே பாலிசியிலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே மெஷினைப் புதிதாக வாங்க இன்று 40 லட்சம் ஆகிறது. பாலிசி அந்த மதிப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. வெள்ளத்தில் 6 லட்சம் ரிப்பேர் வந்தால் நாற்பதில் ஒன்பது பங்கு என்ற விகிதத்தில் வருவது 1,35,000 ரூபாய். தேய்மானம் வருமான வரிக்காகப் போடப்படுகிறது. மெஷின் ரிப்பேர்க்காரருக்கு அந்தத் தேய்மானம் தெரியாது. பட்டறை வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது தங்கள் பாலிசியில் உடனே சரிபார்க்க வேண்டும்.

கடன் வாங்கி நடத்தும் தொழிலில் பாலிசியில் பேங்கின் பெயர் இருக்கும். இழப்பீடு முதலில் பேங்குக்குப் போகும், கடன் கணக்கில் வரவாகும். அது சட்டப்படி சரி. ஆனால் பல இடங்களில் பேங்கே பாலிசியைப் புதுப்பித்துப் பிரீமியத்தைக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் கண்ணில் பாலிசி படுவதே இல்லை. எந்த முகவரி, எந்தத் தொகை, எந்தச் சரக்கு என்று அவருக்குத் தெரியாது. பாலிசி நகலைக் கேட்டு வாங்குவது அவர் உரிமை.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள காருக்கும் பைக்குக்கும் வெள்ளச் சேதத்தில் எதுவும் கிடையாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்க வேண்டும். அதிலும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால் அந்த இன்ஜின் சேதத்துக்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் பணம். தண்ணீர் வடிந்த காலையில் சாவியைத் திருகாமல் கட்டி இழுத்துப் போகச் சொல்வது ஒன்றே வழி.

சர்வேயர் என்பவர் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் என்று பலர் நினைத்து அவரோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அவர் ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற தனி மனிதர். கட்டணத்தை நிறுவனம் கொடுக்கிறது, பாலிசிதாரர் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வரும்போது யாராவது பொறுப்பானவர் இருந்து, எல்லாவற்றையும் காட்டி, அவர் எழுதிக்கொள்வதைத் தாமும் குறித்துக்கொள்வது நல்லது. 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்கவும், 15 நாளில் அறிக்கை பெறவும், அதன்பின் 7 நாளில் முடிவு சொல்லவும் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கெடு வைத்திருக்கிறது. ஆவணம் போதவில்லை என்பதற்காக மட்டும் கிளெய்மைத் தள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. ஊரே முழுகியிருக்கும்போது இந்தக் கெடு அப்படியே நடக்குமா என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. இருந்தாலும், “இன்னும் மூணு மாசம் ஆகும்” என்று சொல்பவரிடம் தேதி குறித்து எழுத்தில் கேட்க இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது.

குறைத்துக் கொடுத்தாலோ மறுத்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் ஏற்கத் தக்கதாக இல்லை என்றாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 2023 நவம்பர் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பு சொல்லலாம். வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, தனி உரிமையாளர் நடத்தும் கடையும் குறுந்தொழிலும் அங்கே போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருக்கிறது. சைதாப்பேட்டைக்காரருக்கு ஒரே பஸ்.

காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மளிகைக்கடைக்காரருக்கு விற்கும் பாலிசியைத் தமிழில் கொடுக்க வேண்டும். நிபந்தனைகளை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டு, வெள்ளம் வடிந்தபின் அதே நிபந்தனையைக் காட்டித் தொகையைக் குறைப்பது அறமல்ல. விற்கும்போது தமிழில் விளக்கிய ஏஜென்ட் கிளெய்மின்போதும் கூட நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், 2015இல் தம் வீடு முழுகியிருந்தும் வாடிக்கையாளர்களின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஏஜென்ட்டுகளை இந்தக் கரையில் பலருக்குத் தெரியும்.

மேலே சொன்ன எதையும் புயல் சின்னம் உருவான பிறகு செய்ய முடியாது. பிரீமியம் போய்ச் சேராமல் காப்பீடு தொடங்காது என்பது சட்டம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்துவிட்டால் புதிய பாலிசி கொடுக்க நிறுவனங்களும் தயங்கும். ஆவணி, புரட்டாசியில் முடிக்க வேண்டிய காரியம் இது.

குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் இதைக் கையில் எடுத்தால் வேலை எளிதாகும். அடுக்குமாடிகளில் லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, மின்சாரப் பலகை எல்லாம் கீழே பார்க்கிங்கில்தான் இருக்கின்றன. முதலில் முழுகுவதும் அவைதான். ஒவ்வொரு ஃபிளாட்காரரும் தம் வீட்டுக்கு மட்டும் பாலிசி எடுத்தால் அவற்றைக் கேட்க ஆள் இருக்காது. சங்கத்தின் பெயரில் கட்டடம் முழுவதற்கும் பொதுச் சாதனங்களுக்கும் ஒரே பாலிசி எடுக்கலாம். செலவு மாதப் பராமரிப்புத் தொகையில் பிரிந்துபோகும். அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் இதைச் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு ஒரு ஏஜென்ட்டையும், முடிந்தால் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரையும் அழையுங்கள். வருகிறவர்கள் தங்கள் பாலிசியைக் கையோடு கொண்டுவரட்டும். முகவரி சரியா, தொகை இன்றைய விலைக்கா, எந்த பேங்கின் பெயர் இருக்கிறது, பொதுச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று அங்கேயே ஒவ்வொன்றாகப் பார்த்து, திருத்த வேண்டியதை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் தாள் வந்த பிறகு அதன் ஒரு நகலை மாடி வீட்டில் யாரிடமாவது வைத்துவிடுங்கள்.